வெள்ளைப் புடவைக்கு முந்தைய சுந்தராம்பாள்: கொடுமுடி முதல் செங்கோட்டை வரை

ஜூலை 23, புதன். கொடுமுடி

போனில் பேசி வைத்திருந்த லாட்ஜில், நேரில் போய் நின்றதும் அறை இல்லை என்றார்கள். "நாளைக்கு ஆடி அமாவாசைங்க. போன்ல சொன்னதெல்லாம் கணக்குல வராதுங்க" என்றார் மேஜைக்குப் பின்னால் இருந்தவர். என்ன மரியாதை! கொங்கு நாட்டில் ஒருவர் உங்களைத் தெருவில் நிறுத்தினாலும் 'ங்க' போட்டுத்தான் நிறுத்துவார். 900 ரூபாய் என்று பேசிய அறை 2,000 என்றால் ஒன்று இருக்கிறதாம். பெரியம்மா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டார்.

கோயில் வாசலில் பூ விற்ற அம்மாதான் வழி காட்டினார். அவருக்குத் தெரிந்த வீட்டு மாடியில் ஓர் அறை, 600 ரூபாய். டிரம்மில் தண்ணீர், சத்தம் போடும் மின்விசிறி, கொசுவர்த்தி இலவசம். இரவு வீட்டுக்கார அம்மா தட்டு நிறைய அரிசிம்பருப்பு சாதம் கொண்டுவந்து வைத்தார். மேலே ஒரு கரண்டி நெய், பக்கத்தில் சுட்ட அப்பளம், கெட்டித் தயிர். காசு வாங்கவில்லை. "பெரியவங்களக் கூட்டிட்டு வந்திருக்கறீங்க, வெறும் வயித்தோட படுப்பீங்களா?" என்று என்னைத்தான் கேட்டார்.

பெரியம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. திருச்சிக்காரர். இந்தப் பயணம் பாடகியும் நடிகையுமான கே.பி. சுந்தராம்பாளுக்காக என்று சொன்னதுமே பெட்டியை எடுத்துவிட்டார். எங்கள் இருவருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒரு வழக்கு உண்டு. பெரியம்மாவுக்கு அவர் முருகனடியார், கிட்டத்தட்ட சந்நியாசினி. நெற்றி நிறைய விபூதி, வெள்ளைப் புடவை, கையில் கோல். என் தலைமுறைக்கோ அவர் பிறக்கும்போதே ஔவைக் கிழவி. அவர் ஔவையாக நடித்த 'ஔவையார்' படம் வெளிவந்தது 1953-இல். சுந்தராம்பாள் பிறந்தது 1908-இல். படம் வந்தபோது அவருக்கு நாற்பத்தைந்து வயதுதான் என்றபோது பெரியம்மா நம்பவில்லை, விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அந்தக் கிழவிக்கு முன்னால் இருந்த இளம்பெண்ணைத்தான் நான் தேடி வந்திருக்கிறேன்: மேடையில் ராஜபார்ட்டும் (ஆண் நாயக வேடம்) ஸ்திரீபார்ட்டும் (பெண் நாயக வேடம்) கட்டியவர், கோபக்காரர், பெரிய சம்பளக்காரர்.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை, கொடுமுடி

காலை நான்கு மணிக்கே தெரு நிறைந்துவிட்டது. மேட்டூர் நிரம்பித் திறந்துவிட்டிருந்ததால் காவிரி இரு கரையும் தொட்டுக்கொண்டு, செம்மண் நிறத்தில், விறுவிறுவென்று ஓடியது. படித்துறையில் கயிறு கட்டி அதைத் தாண்ட விடாமல் போலீசார் நின்றார்கள். தர்ப்பணத்துக்கு எள், தர்ப்பை, பிண்டம் எல்லாம் சேர்த்து 400 ரூபாய் என்றார் ஒருவர். பக்கத்தில் இருந்தவர் 300 என்றார். முதலாமவர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பெரியம்மா பெரியப்பாவுக்காகத் தண்ணீரை மட்டும் இறைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

திரும்பி வந்தால் பெரியம்மாவின் செருப்பைக் காணோம். காலணி பாதுகாக்கும் இடத்தில் 5 ரூபாய் கொடுத்து டோக்கன் வாங்கி வைத்த செருப்பு. டோக்கன் இருக்கிறது, செருப்பு இல்லை. அங்கிருந்த பையன் பதறிப்போய் "இதுல எது புடிக்குதோ போட்டுக்குங்கம்மா" என்று ஒரு குவியலையே காட்டினான். அமாவாசையன்று அடுத்தவர் செருப்பைப் போடுவதா என்று பெரியம்மா வெறுங்காலோடு கடைத்தெருவுக்கு நடந்தார். 180 ரூபாயில் புதுச் செருப்பு. அது மதுரை வரைக்கும் கடித்தது.

மகுடேசுவரர் கோயிலில் வரிசை நகரவே இல்லை. இது மும்மூர்த்தி தலம். சிவன், வீரநாராயணப் பெருமாள், வன்னி மரத்தடியில் பிரம்மா. பிரம்மாவுக்கு இங்கே மூன்று முகம்தான், நான்காவது முகமாக வன்னி மரத்தையே சொல்கிறார்கள். காவிரித் தண்ணீரில் வன்னி இலையைப் போட்டு வைத்தால் கெடாது என்று நம்பிக்கை. பழனிக்குத் தீர்த்தக் காவடி எடுப்பவர்கள் இங்கிருந்துதான் தண்ணீர் கொண்டுபோகிறார்கள். சுந்தராம்பாள் வாழ்நாள் முழுக்க முருகனைப் பாடியதில் ஆச்சரியமே இல்லை. குழந்தையில் பார்த்ததெல்லாம் பழனிக்குப் போகிற காவடிகளாக இருந்திருக்கும்.

கே.பி.எஸ். என்ற எழுத்துகளில் 'கே' கொடுமுடி, 'பி' அம்மா பாலாம்பாள். வறுமை என்றால் சாதாரண வறுமை இல்லை. ரயிலில் பாடிக் காசு வாங்கிய குழந்தை. அந்தக் குரல்தான் அவரை வேலு நாயர் நாடகக் கம்பெனியில் கொண்டு சேர்த்தது. அங்கே நல்லதங்காள் நாடகத்தில் பசிக்குதே என்று அழுது பாடும் பிள்ளை வேடம். அந்த வேடத்துக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்கத் தேவையில்லை என்று எனக்குத் தோன்றியது.

ஊரில் அவரைப் பற்றி விசாரித்தால் கோயிலைப் பற்றிச் சொல்கிறார்கள். இளைஞர்கள் "பழம் நீயப்பா பாட்டுப் பாடுனவங்களா?" என்று கேட்டார்கள், அவ்வளவுதான். கடைசியில் இளநீர்க் கடைப் பெரியவர் ஒருவர் கிடைத்தார். "கே.பி.எஸ். தியேட்டருன்னு ஒண்ணு கட்டுனாங்க கண்ணு. எம்.ஜி.ஆர். படமெல்லாம் அங்கதான் பாத்தேன். டிக்கெட் கிழிக்கறவன் எங்க சித்தப்பன் பையன்" என்றார். அந்த அம்மாவைப் பார்த்திருக்கிறீர்களா என்றேன். "காருல போவாங்க. கண்ணாடிய எறக்கி, யாரு வூட்டுப் பையண்டா நீயின்னு கேப்பாங்க. கொரல் இருக்குதே, தெருக்கோடியில நிக்கறவனுக்கும் தன்னத்தான் கேக்கறாங்கன்னு இருக்கும்."

அவர் சொன்ன இன்னொரு கதை பலரும் கேட்டிருப்பது. காந்தி கொடுமுடி வழியாகப் போனபோது சுந்தராம்பாள் வீட்டில் தங்கத் தட்டில் சாப்பாடு வைத்தாராம். சாப்பாடு மட்டும்தானா, தட்டு இல்லையா என்று காந்தி கேட்டாராம். தட்டையும் கொடுத்துவிட்டார், அது ஏலத்துக்குப் போய்க் கட்சி நிதியானது. "வெள்ளித் தட்டுன்னுல்ல நான் கேள்விப்பட்டேன்" என்றார் பெரியம்மா. "தங்கந்தானுங்க!" என்று இளநீர்க்காரர் அரிவாளை நீட்டிச் சொன்னதும் பெரியம்மா ஒப்புக்கொண்டார். இளநீர் 40 ரூபாய். வழுக்கை நிறைய.

ஜூலை 25, வெள்ளி. கரூர், பிறகு மேலூர்ப் பக்கம்

கரூரில் இறங்கியதற்கு ஒரே காரணம் கரம். தட்டை, முறுக்கை நொறுக்கி, பொரி, வெங்காயம், துருவிய பீட்ரூட், கேரட், இரண்டு வகைச் சட்னி போட்டுக் கலந்து தருவார்கள். முட்டைக் கரம் என்றால் வேகவைத்த முட்டையையும் பிசைந்து போடுவார்கள். ஆடி வெள்ளி என்று பெரியம்மா முட்டையைத் தொடவில்லை. சாதாக் கரம் 40 ரூபாய்க்கு வாங்கி, காரத்தில் கண்ணீர் விட்டுக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டார். மதுரை பஸ்ஸில் ஏசி வேலை செய்யவில்லை. ஜன்னலும் திறக்கவில்லை. கட்டணம் மட்டும் ஏசிக் கட்டணம். நடத்துநரிடம் கேட்டால் "காத்து வரும்" என்றார். திண்டுக்கல் தாண்டியும் வரவில்லை.

மதுரையில் சித்தி மகன் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. போய்ச் சேர்ந்ததும் அவன், "மேலூர்ப் பக்கம் நம்ம ஊர்ல காளியம்மன் திருவிழா. ராத்திரி நாடகம் இருக்கு. வள்ளி திருமணம். போவமா?" என்றான். நான் கேட்காமலே கிடைத்த வரம். பெரியம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்றேன். "நீ வேணா இருந்துக்கோ" என்றார் பெரியம்மா.

சுந்தராம்பாளும் நாடகப் பாடகர் செங்கோட்டை கிட்டப்பாவும் சேர்ந்து பேர் வாங்கியது இந்த வள்ளி திருமணத்தில்தான். இருவரும் சந்தித்தது இலங்கையில், 1926-இல். அந்தக் காலத்தில் கொழும்பு, யாழ்ப்பாணம் எல்லாம் தமிழ் நாடகக்காரர்களுக்கு நல்ல வரும்படியான ஊர்கள். கிட்டப்பா அப்போதே பெரிய பெயர். அவரோடு ஈடுகொடுத்துப் பாட முடியாது என்று சிலர் சுந்தராம்பாளைப் பயமுறுத்தினார்களாம். மறு ஆண்டே கல்யாணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தார்.

இன்றைக்கும் நாடகம் அதே முறையில்தான் நடக்கிறது. ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூன் வேறோர் ஊரிலிருந்து தனித்தனியாகப் பேசி வரவழைக்கப்பட்டவர்கள். ஒத்திகை கிடையாது. அன்றைக்கு ராத்திரிதான் மேடைக்குப் பின்னால் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், பவுடர் பூசிக்கொண்டே எந்தப் பாட்டு எந்தச் சுருதி என்று பேசிக்கொள்வார்கள். மேடையோரம் ஆர்மோனியம், மிருதங்கம், அப்புறம் தாளக் கருவிகள் எல்லாவற்றையும் ஒரே ஆள் வாசிக்கும் ஆல்ரவுண்ட். பத்தரைக்குப் பபூன் வந்தார். ஒரு மணி நேரம் வயிற்றைப் பிடித்துச் சிரிக்க வைத்தார். சில வசனங்களுக்குப் பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் தோள்கள் குலுங்கின.

வள்ளி வந்தது நள்ளிரவுக்குப் பிறகு. வேடனாக வந்த முருகனுக்கும் வள்ளிக்கும் தர்க்கம் தொடங்கியது. இதுதான் நாடகத்தின் உயிர். அவர் ஒரு கேள்வி போட, இவர் பாட்டில் பதில் சொல்லி எதிர்க்கேள்வி போட, ஆர்மோனியம் இருவரையும் துரத்திக்கொண்டே போனது. எழுதிவைத்த வசனம் இல்லை, அந்த இடத்திலேயே மடக்க வேண்டும். ராஜபார்ட் ஒரு இடத்தில் தடுமாறினார். வள்ளி விடவில்லை. மூன்று முறை அதே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். கூட்டம் விசில் அடித்தது.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்குச் சுந்தராம்பாள் விளங்க ஆரம்பித்தார். மைக் இல்லாத காலம். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்க வேண்டும், விடிய விடியப் பாட வேண்டும், எதிரே நிற்பவர் தமிழ்நாடே கொண்டாடும் பாடகர், அவரோடு வாதம் செய்து தோற்காமல் இருக்க வேண்டும். இதை இருபது வயதுக்குள் செய்தவர் எப்படிச் சாதுவாக இருந்திருக்க முடியும்? 'ஔவையார்' படத்தில் அதட்டிக் கேட்கிறாரே, அது பக்தி தந்த குரல் என்றுதான் நினைத்திருந்தேன். தர்க்கம் செய்து பழகிய குரல் அது.

இரண்டரை மணிக்கு நான் பாயில் சாய்ந்துவிட்டேன். பெரியம்மா அசையவில்லை.

ஜூலை 26, சனி. மேலூர்ப் பக்கம், மதுரை

விடிந்ததும் டீக்கடையில் வள்ளி நின்றுகொண்டிருந்தார். மேக்கப் கலைத்து, நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு, கையில் பெரிய பை. அடுத்த டேட் இன்றைக்கே புதுக்கோட்டைப் பக்கமாம். பஸ்ஸில் தூங்கினால்தான் உண்டு என்றார். டீ 12 ரூபாய், நாங்கள் கொடுக்க விடவில்லை. "நீங்க ராத்திரி பூரா ஒக்காந்து பாத்தீங்கம்மா, நான் மேடையிலருந்து பாத்தேன்" என்று பெரியம்மாவுக்கும் சேர்த்து அவரே கொடுத்தார்.

பெரியம்மா நேராகவே கேட்டார்: "சம்பளம் என்ன தருவாங்க?" வள்ளி சிரித்தார். "சீசனுக்குத் தக்கனம்மா. ஆடி முடிஞ்சா டேட்டே இருக்காது. ஆறு மாசம் சம்பாதிக்கிறத வச்சு ஒரு வருசம் ஓட்டணும்." ஏன் கேட்கிறீர்கள் என்றதும் நான் சுந்தராம்பாளைப் பற்றிச் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினார். "லட்ச ரூவா வாங்குன அம்மா" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். விபூதியும் இல்லை, கோலும் இல்லை, சம்பளம்தான் முதலில் ஞாபகம் வருகிறது. தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தொழில் கணக்குதான் தெரியும்.

அந்தக் கதை இது. 1933 டிசம்பர் 2-ஆம் தேதி கிட்டப்பா இறந்தார். வயது இருபத்தேழு. சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து. வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டார், இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார், கொடுமுடியில் ஒதுங்கினார். அப்போது 'நந்தனார்' படம் எடுக்க அசன்தாஸ் வந்து கேட்டார். ஆளைத் தவிர்ப்பதற்காகச் சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்றும், அசன்தாஸ் அதற்கும் தலையாட்டிவிட்டார் என்றும் சொல்வார்கள். குடும்பங்கள் மாதம் முப்பது நாற்பது ரூபாயில் ஓடிய காலம் அது. 1935-இல் படம் வந்தது. சுந்தராம்பாள்தான் நந்தன், ஆண் வேடம். மிராசுதாரராக மகாராஜபுரம் விசுவநாதையர். படம் சரியாகப் போகவில்லை. பனைமரமும் எருமையும் நன்றாக நடித்திருக்கின்றன என்ற பொருளில் கல்கி கிண்டல் செய்து எழுதினார்.

என் வழக்கு இதுதான்: ஆளைத் தவிர்க்க நினைக்கிறவர் முடியாது என்று சொல்லிவிட்டுப் போகலாமே. ஒரு லட்சம் என்று வாயில் வருகிறதென்றால் தன் குரலின் விலை தெரிந்தவர் என்று அர்த்தம். பெரியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்களே நடக்காதுன்னு நெனச்சுத்தான்டி சொல்லியிருப்பாங்க. கையில காசில்லாம கஷ்டப்பட்டவங்களுக்குத்தான் பெரிய தொகையே வாயில வரும்." இதற்கு என்ன பதில் சொல்வது?

மதுரையில் வெயில் மண்டையைப் பிளந்தது. பகல் முழுக்கத் தூங்கினோம். சாயந்தரம் ஒரு ஜிகர்தண்டா, 50 ரூபாய். அவ்வளவுதான் மதுரை.

ஜூலை 27, ஞாயிறு. செங்கோட்டை

ரயிலில் கால் வைக்க இடமில்லை. மறுநாள் ஆடிப்பூரம், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர். பாதிப் பெட்டி அங்கே இறங்கிற்று. அதுவரை பெரியம்மாவுக்கு இடம் கொடுத்து நின்றுகொண்டே வந்த கல்லூரிப் பையன், இடம் காலியான பிறகும் உட்காரவில்லை. கதவருகே மலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ராஜபாளையம் தாண்டியதும் காற்று மாறிவிட்டது. தென்காசியில் சாரல். கொடுமுடி வெயிலும் கரூர்ப் புழுக்கமும் போன இடம் தெரியவில்லை.

செங்கோட்டையில் யாரைக் கேட்டாலும் வாஞ்சிநாதன் சிலைக்கு வழி சொல்கிறார்கள். நியாயம்தான், ஊரின் முதல் பெயர் அதுதான். கிட்டப்பா என்றால் இரண்டாவது யோசனை. இந்த ஊர் முதலில் திருவிதாங்கூர் ராஜ்ஜியத்திலும், பிறகு 1956 நவம்பர் வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலக் கணக்கிலும் இருந்தது. ஆக கிட்டப்பா கடைசிவரை திருவிதாங்கூர் மகாராஜாவின் குடிமகன். தமிழ்நாட்டு நாடக மேடையின் பெரிய குரல் இந்தப் பக்கத்து எல்லையிலிருந்து வந்தது என்பது எனக்குப் புதிது.

ஒரு டீக்கடையில் மழைக்கு ஒதுங்கினோம். ரசவடை ஒன்று 12 ரூபாய், சூட்டில் உதடு பொத்துவிடும். அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டுத் திரும்பினார். "கிட்டப்பாவையா தேடி வந்திருக்கீய? யாரும் வாறதில்லியே!" என்றார். அவருடைய அப்பாவிடம் கிராமபோன் தட்டு இருந்ததாம். 'காயாத கானகத்தே' தட்டைச் சுற்றவிட்டால் தெருவே வந்து திண்ணையில் உட்காருமாம். பிறகு எங்களைக் கேட்காமலே நான்கு வரி பாடினார். சுருதி எங்கோ போனது, ஆனால் அந்த இழுப்பு சரியாக இருந்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் அடுப்பைக் குறைத்தார்.

கிட்டப்பா, சுந்தராம்பாள் கதையை இப்போது காதல் காவியமாகச் சொல்லிப் பழகிவிட்டோம். சுந்தராம்பாள் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் அச்சில் வந்திருக்கின்றன. அவற்றைப் படித்தவர்களுக்குத் தெரியும், அதில் ஏக்கம் எவ்வளவோ அவ்வளவு கோபமும் உண்டு. தன்னைக் கவனிக்காமல் இருப்பதை, ஊர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு தன்னைச் சந்தேகிப்பதை நேருக்கு நேர் கேட்கிறார். வள்ளி மேடையில் கேட்ட மாதிரியே. ஆசிரியரும் அதை மறுக்கவில்லை. "ரெண்டு பேரும் ராசா வீட்டுப் புள்ளைய மாதிரி வாழல. ரெண்டு பேருக்கும் வாய் உண்டு, கொரல் உண்டு, கூடப் பொறந்தவுக தலையீடு உண்டு" என்றார். கிட்டப்பாவின் முதல் குடும்பம் இந்த ஊரில் இருந்ததையும் அவர்தான் ஞாபகப்படுத்தினார். நாம் ஒரு பெண்ணுக்காகக் கண்ணீர் விடும்போது இன்னொரு பெண்ணை மறந்துவிடுகிறோம். பெரியம்மா அதற்குத்தான் முதன்முதலாகத் தலையசைத்தார்.

இரவு பிரானூர் பார்டரில் பரோட்டா. சின்னச் சின்னதாக, மொறுமொறுவென்று, ஒன்று 18 ரூபாய். சால்னாவோடு நாட்டுக்கோழி. ஆடி வெள்ளி விரதம் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை செல்லாது என்று பெரியம்மா தீர்ப்புச் சொல்லி நான்கு பரோட்டா சாப்பிட்டார்.

ஜூலை 28, திங்கள். குற்றாலம், திரும்பும் ரயில்

மெயின் அருவியில் தண்ணீர் அதிகமாகிக் குளிக்கத் தடை. விசில் ஊதிக்கொண்டே இருந்தார்கள். ஐந்தருவியில் பெண்கள் வரிசை முக்கால் மணி நேரம். தலையில் விழுந்த முதல் நிமிடத்திலேயே பயணக் களைப்பெல்லாம் இறங்கியது. பின்னாலிருந்த ஒரு பாட்டி என் முதுகை எண்ணெய்க் கையால் தள்ளி, "குளிச்சது போதும், நவுரு தாயி" என்றார். மங்குஸ்தான் கிலோ 400 என்றவரிடம் பெரியம்மா பேசிப் பேசி 320-க்கு வந்தார்.

மாலை ரயிலில் மறுபடியும் வழக்கு தொடங்கியது. 1935-இலிருந்து சாகும்வரை சுந்தராம்பாள் நடித்தது பத்துப் பன்னிரண்டு படங்கள்தான். 1940-இல் 'மணிமேகலை', பிறகு ஜெமினி வாசன் அழைத்து 'ஔவையார்', அதற்குப் பிறகு பதினோரு வருட இடைவெளி. நடுவில் சும்மா இருக்கவில்லை. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி இழுத்து வந்து கட்சி மேடைகளில் பாட வைத்தார். காந்தியைப் பற்றிய அவருடைய தட்டுகள் ஊர் ஊராக ஓடின. 1951-இல் சென்னை மேலவை உறுப்பினர் ஆனார். சினிமாக்காரர் ஒருவர் இந்தியாவில் சட்டமன்ற அவைக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் வருவதற்கு எத்தனையோ காலம் முன்னால், ரயிலில் பாடிய ஒரு பெண் அங்கே போய் உட்கார்ந்துவிட்டார். இதை நாம் ஏன் பெரிதாகப் பேசுவதில்லை? வெள்ளைப் புடவையும் விபூதியும் எல்லாவற்றையும் மறைத்துவிடுகின்றன என்றுதான் நினைக்கிறேன்.

'பூம்புகார்' விஷயத்தில்தான் சண்டை உச்சத்துக்குப் போயிற்று. 1964-இல் கருணாநிதி கதை வசனத்தில் வந்த படம், சுந்தராம்பாள் கவுந்தி அடிகள். கோவலன் கொலைக்குப் பிறகு வரும் பாட்டில் தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்கிற மாதிரி ஒரு வரி எழுதப்பட்டிருந்ததாம். முருகனைப் பாடிய வாயால் அப்படிப் பாட மாட்டேன் என்று சுந்தராம்பாள் மறுத்துவிட்டார், தெய்வம் வந்துவிட்டது என்று வரி மாறியது. இதைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். "பாத்தியா, எவ்வளவு பக்தி!" என்றார் பெரியம்மா. எனக்கு அதில் பக்தி இரண்டாவதாகத்தான் தெரிகிறது. பகுத்தறிவு பேசும் வசனகர்த்தா, புகழின் உச்சியில் இருக்கிறார், அவர் எழுதிய வரியை மாற்று என்று ஒரு நடிகை சொல்கிறார், அவரும் மாற்றுகிறார். அந்தக் கொள்கை வேண்டாம், ஆனால் அந்தக் குரல் வேண்டும் என்று இரண்டு பக்கமும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். இன்றைக்கு எந்த நடிகைக்கு அந்த இடம் இருக்கிறது?

எதிர் இருக்கைக்காரர், தென்காசியில் ஏறியவர், அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். திடீரென்று "துணைவன் படத்துக்குத்தான் சிறந்த பாடகின்னு தேசிய விருது கொடுத்தாங்க, அறுபத்தொன்பதுல. அத விட்டுட்டீங்களே" என்றார். பெரியம்மாவுக்கு ஆள் பலம் கிடைத்துவிட்டது. அது முருகன் படம் அல்லவா! எழுபதில் பத்மஸ்ரீ என்பதையும் அவரே சேர்த்தார். நடிகைக்கு அறுபது வயதில் பாடகி விருது என்றால் தொழில் தெரிந்தவர் என்றுதானே அர்த்தம் என்று நான் ஆரம்பித்தேன். இருவரும் சேர்ந்து என்னை உட்கார வைத்துவிட்டார்கள்.

படம் பார்க்கப் போகிறவர்களுக்கு என் யோசனை ஒன்று. 'ஔவையார்' வேண்டாம், அது அப்புறம் ஆகட்டும். முதலில் இளம் வயதில் அவர் பாடிய பழைய தட்டுகளைத் தேடிக் கேளுங்கள், கரகரப்பாகத்தான் இருக்கும். பிறகு 'பூம்புகார்' பாருங்கள். ராஜபாளையம் வருவதற்குள் பெரியம்மாவுக்கு இதைச் சொல்லி முடிக்கலாம் என்று பார்த்தால், அவரும் எதிர் இருக்கைக்காரரும் மங்குஸ்தானை உடைத்துப் பங்கு போட்டுக்கொண்டு, தங்கத் தட்டா வெள்ளித் தட்டா என்று ஆரம்பித்திருந்தார்கள். எனக்கு மிஞ்சியது இரண்டு பழம், அதிலும் ஒன்று அழுகல்.